ஒரே மெயிலில் நாலு தப்பு: இஸ், ஆர், ஹாஸ், ஹாவ் எப்போதுதான் கைக்கு வரும்?

பனியன்ஊர்க்காரன் | இழை தொடக்கம் | ஞாயிறு இரவு 9:40

வணக்கம். திருப்பூரில் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் மெர்ச்சன்டைசர் வேலை. வயது நாற்பத்து மூன்று. நிட்டிங், டையிங், செக்கிங், பேக்கிங் எதைப் பற்றித் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். பையருக்கு ஒரு நாளைக்கு இருபது மெயிலாவது போகும். பதினெட்டு வருடமாக வண்டி இப்படித்தான் ஓடுகிறது.

போன வாரம் ஏழாவது படிக்கும் என் மகள் லேப்டாப்பை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஒரே மெயிலில் நாலு தப்பு" என்றாள். நான் எழுதியிருந்தது இதுதான்:

"தி ஃபேப்ரிக் ஹாவ் அரைவ்ட். ஒன் ஆஃப் தி கார்ட்டன் ஆர் டேமேஜ்ட். தி பையர் வான்ட் நியூ சாம்பிள்ஸ். எவரிபடி ஆர் வெயிட்டிங்."

ஒருமைக்கு இஸ், பன்மைக்கு ஆர் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. தேர்வு வைத்தால் எழுதிவிடுவேன். வேகமாக டைப் அடிக்கும்போது கை அதன் போக்கில் போகிறது. இதைப் பழகிச் சரிசெய்ய ஏதாவது வழி உண்டா? புத்தகம் வாங்கு என்று மட்டும் சொல்லாதீர்கள். மூன்று இருக்கிறது, மூன்றிலும் முதல் இருபது பக்கம்தான் அழுக்காகியிருக்கிறது.

டியூஷன்_அக்கா | ஞாயிறு இரவு 10:15

முதலில், பாப்பா ஒன்றை விட்டுவிட்டாள். ஐந்து தப்பு. "ஒன் ஆஃப் தி" என்றால் பின்னால் கார்ட்டன்ஸ் என்று பன்மை வர வேண்டும், ஆனால் வினை "இஸ்". பல கார்ட்டன்களில் ஒன்று என்பதால் பெயர் பன்மை, அடிபட்டது ஒன்றே ஒன்று என்பதால் வினை ஒருமை. நம் ஊரில் "ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்" என்று சொல்லாதவர்களை எண்ணிவிடலாம்.

இருபத்தாறு வருடமாக வீட்டில் வைத்துச் சொல்லிக் கொடுக்கிறேன். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் பிள்ளைகள் நூற்றுக்கு நூறு வாங்கும். அதே பிள்ளை வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே "மிஸ், மை மதர் கால் மீ" என்று ஓடும். கோட்டுக்குப் பக்கத்தில் கோ, கோஸ் என்று இரண்டையும் கொடுத்துவிட்டால், கவனி என்று நாமே மணி அடித்துவிடுகிறோம். பேச்சில் யார் மணி அடிப்பார்கள்?

வங்கித்தேர்வு_நாலாவதுமுறை | ஞாயிறு இரவு 10:52

சார், கோச்சிங்கில் எங்களுக்குச் சொன்னது ரொம்ப சிம்பிள். எஸ் ஒன்றுதான். எழுவாயில் எஸ் இருந்தால் வினையில் கிடையாது, வினையில் இருந்தால் எழுவாயில் கிடையாது. பாய் பிளேஸ், பாய்ஸ் பிளே. இது ஒன்றை வைத்தே பிழை கண்டுபிடிக்கும் கேள்வியில் பாதியை முடித்துவிடலாம்.

டியூஷன்_அக்கா | ஞாயிறு இரவு 11:03

அந்தக் குறுக்குவழி எனக்கும் தெரியும் தம்பி, நானும் ஒரு காலத்தில் சொல்லிக் கொடுத்தேன். "சில்ட்ரன்" வந்தால்? எஸ்ஸே இல்லை, பன்மை. "நியூஸ்", "மேத்தமேட்டிக்ஸ்" வந்தால்? எஸ் இருக்கிறது, ஒருமை. "ஐ", "யூ" இரண்டிலும் எஸ் இல்லை, அதற்காக "ஐ பிளேஸ்" என்று போடுவீர்களா? ஒரு பையன் போட்டான். என் மேல்தான் தப்பு.

சும்மா_பேசுங்க | திங்கள் காலை 7:20

இதெல்லாம் தேவையா? பையருக்குப் புரிந்ததா, ஆர்டர் வந்ததா, அவ்வளவுதான். ஒரு எஸ் விட்டுப்போனதால் எந்தக் கப்பல் கவிழ்ந்தது? நம்மை நாமே அடிமை மாதிரி அடித்துக்கொள்கிறோம்.

பனியன்ஊர்க்காரன் | திங்கள் மதியம் 1:35

கப்பல் கவிழவில்லை நண்பரே, ஆனால் இரண்டு நாள் நின்றது. சொல்ல வேண்டாம் என்றிருந்தேன், கேட்டுவிட்டீர்கள்.

எங்கள் பையர் ஜெர்மன்காரர். ஒரு சீசனில் பன்னிரண்டு ஸ்டைலில் ஐந்து கேன்சல். அந்த ஐந்தையும் தனியாக ஒரு தாளில் போட்டு அனுப்பி, இப்படி எழுதினேன்: "ப்ளீஸ் சீ தி லிஸ்ட் ஆஃப் ஸ்டைல்ஸ் விச் இஸ் கேன்சல்ட்." ஸ்டைல்கள் கேன்சல் என்று நான் நினைத்து எழுதினேன். "இஸ்" என்று ஒருமையில் இருந்ததால், கேன்சலானது லிஸ்ட் என்று அவர் எடுத்துக்கொண்டார். அதாவது பழைய லிஸ்ட் ரத்து, புதிது வரும் என்று காத்திருந்தார். நான் அவருடைய ஓகேவுக்குக் காத்திருந்தேன். நடுவில் டையிங்கில் லாட் நின்றுகொண்டிருந்தது. மூன்றாம் நாள் போனில் பேசித் தீர்ந்தது. "ஆர்" என்று போட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும்.

எம்.டி. என்னை ஒன்றும் சொல்லவில்லை. அவருக்கும் அந்த மெயில் சரியாகத்தான் தெரிந்தது!

இலக்கணக்_கிறுக்கு | திங்கள் மாலை 6:10

இந்த மெயிலை நான் விடமாட்டேன். உங்கள் தப்புகள் கண்டபடி விழுந்தவை அல்ல. ஒவ்வொன்றுக்கும் பின்னால் தமிழ் நிற்கிறது.

"தி பையர் வான்ட்" என்று ஏன் எழுதினீர்கள்? தமிழில் "பையருக்கு வேண்டும்". எனக்கு வேண்டும், உனக்கு வேண்டும், அவளுக்கு வேண்டும், அவர்களுக்கு வேண்டும். யாருக்கானாலும் வினை அசையாது. பிடிக்கும், தெரியும், புரியும் எல்லாம் இதே சாதி. ஆங்கிலத்தில் வான்ட், லைக், நோ, அண்டர்ஸ்டாண்ட் எல்லாம் ஆளுக்கேற்ப மாறும். அதனால்தான் "ஹி கோஸ்" என்று சரியாக எழுதுகிறவர்கூட "ஹி லைக்" என்று வழுக்குவார். சோதித்துப் பாருங்கள்.

"எவரிபடி ஆர்": நமக்கு "எல்லாரும் காத்திருக்கிறார்கள்", சுத்தமான பன்மை. ஆங்கிலத்தில் அது ஒவ்வொருவராக எண்ணும் சொல், ஆகவே ஒருமை.

"ஒன் ஆஃப் தி கார்ட்டன்": நாம் "கார்ட்டனில் ஒன்று" என்போம். "பத்து மாடு வந்தது" என்றால் யாரும் சண்டைக்கு வருவதில்லை. அஃறிணையில் "கள்" இல்லாமலேயே நமக்குப் பன்மை நடக்கும். பால்பகா அஃறிணைப் பெயர் என்று இலக்கணத்தில் அதற்கு ஒரு பெயரே இருக்கிறது. பேச்சில் "மரங்கள் விழுந்தன" என்று யார் சொல்கிறார்கள்? "மரமெல்லாம் விழுந்துருச்சு"தான். "ஃபேப்ரிக் ஹாவ்" வந்த வழியும் இதுவே: துணி ஒன்றா பலவா என்று நாம் கவலைப்படுவதே இல்லை.

இன்னொரு பக்கம், உயர்திணைக்கு வந்தான், வந்தாள், வந்தார், வந்தார்கள் என்று மூச்சுவிடாமல் மாற்றுகிறோம். ஒரு தடவைகூட "அம்மா வந்தான்" என்று வாய் தவறாது. இவ்வளவு கடினமான இயைபைப் பிழையில்லாமல் பேசுகிறவருக்கு ஒரு எஸ் பெரிய மலையா?

நம் இலக்கண நூலான நன்னூல் ஏழு வழு, அதாவது பிழை, சொல்கிறது: திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு. ஆங்கில வினையில் எழுவாயோடு பொருந்த வேண்டியது இடமும் (தன்மை, முன்னிலை, படர்க்கை) எண்ணும்தான். "ஐ இஸ்" என்பது இடவழு. "தே இஸ்" என்பது நம் கணக்கில் பால்வழு, ஒன்றா பலவா என்பதை நாம் பாலுக்குள் வைத்திருப்பதால்.

அப்புறம் வழுவமைதியும், அதாவது பிழை என்றாலும் வழக்கில் ஏற்றுக்கொண்டதும், அங்கே உண்டு. ஒருவரைப் பார்த்தே "யூ ஆர்" என்கிறார்களே, ஏன்? "யூ" முன்பு பன்மைச் சொல். ஒருவருக்கு "தவ் ஆர்ட்". நாம் "நீ" இருக்க "நீங்கள்" போட்ட மாதிரி மரியாதைக்குப் பன்மை போடத் தொடங்கி, கடைசியில் "தவ்" வழக்கொழிந்துபோய்விட்டது. 1611இல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் "தவ் ஆர்ட்" தாராளமாக இருக்கும். அதே பைபிளில் "மேக்ஸ்" என்ற இடத்தில் "மேக்கெத்" என்றிருக்கும். எஸ் என்பதே வட இங்கிலாந்து வழக்கிலிருந்து மெல்லக் கீழே இறங்கி வந்ததுதான்.

ஈஸ்ட்ஹாம்_சிவா | திங்கள் இரவு 11:48

ஓம், நல்லாச் சொன்னீங்கள். நான் யாழ்ப்பாணத்தால வந்து இருபது வருசமா லண்டனில். வந்த புதிதில் பஸ்ஸில் வெள்ளைக்காரப் பெடியள் "வி வாஸ்", "ஹி டோன்ட்" எண்டு கதைக்கக் கேட்டுத் திகைச்சுப்போனன். எங்கட ரீச்சர் இதுக்குத்தானே அடிச்சவ! கிழக்கு இங்கிலாந்தில நோரிச் பக்கம் பழைய ஆக்கள் "ஷி கோ" எண்டே சொல்லுவினம், எஸ்ஸே இல்லை. அது அந்த ஊர்ப் பேச்சு.

ஆனால் அதே ஆக்கள் வேலைக்கு விண்ணப்பம் எழுதேக்க "வி வேர்" எண்டுதான் எழுதுவினம். அவைக்கு ரெண்டும் தெரியும். எங்களுக்கு ஒண்டுதான் தெரியும் எண்டால் அது வேறை கதை.

மொழியியல்_மாணவி | செவ்வாய் காலை 8:30

எங்கள் வகுப்பில் படித்ததைச் சொல்கிறேன், அண்ணனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். ரோஜர் பிரவுன் என்ற அமெரிக்க உளவியலாளர் மூன்று குழந்தைகள் ஆங்கிலம் பேசக் கற்பதைத் தொடர்ந்து கவனித்து 1973இல் எழுதினார். பதினான்கு சிறு உறுப்புகளை எந்த வரிசையில் பிடிக்கிறார்கள் என்று பார்த்தார். பன்மை எஸ் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது, நாலாவது இடம். "கோஸ்", "வான்ட்ஸ்" போன்றவற்றின் எஸ் பத்தாவது இடம். சத்தம் ஒன்றுதான், ஆனால் ஒன்று சீக்கிரம் வருகிறது, மற்றது தாமதமாக வருகிறது. ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைக்கே இந்தக் கதி.

காரணம் யோசித்தால் புரியும். "டூ கேட்ஸ்" என்பதில் எஸ் ஒரு செய்தி சொல்கிறது. "ஹி கோஸ்" என்பதில் ஆள் யார் என்று "ஹி" ஏற்கெனவே சொல்லிவிட்டது. எஸ் சும்மா கூட வருகிறது. மூளை வேலையில்லாத ஆளைக் கடைசியில்தான் கவனிக்கும்.

இன்னொன்று. 1991இல் கேத்ரின் பாக், கேரல் மில்லர் இருவரும் ஒரு சோதனை செய்தார்கள். "தி கீ டு தி கேபினெட்ஸ்" போல ஒரு தொடக்கத்தைக் கொடுத்து மீதியை முடிக்கச் சொன்னார்கள். ஆங்கிலமே பேசி வளர்ந்தவர்கள்கூட அவ்வப்போது "ஆர்" என்றார்கள், பக்கத்தில் பன்மை நின்றதால். எழுவாய் "கீ", ஆனால் காதில் கடைசியாக விழுந்தது "கேபினெட்ஸ்". நடுவில் நிற்கும் பெயர்தான் வில்லன்.

டியூஷன்_அக்கா | செவ்வாய் மதியம் 2:05

அதைத்தான் நான் "தலை எது, வால் எது" என்று சொல்லிக் கொடுப்பேன். "ஆஃப்", "வித்", "இன்", "ஆன்" வந்தால் அங்கிருந்து வால். வாலை விரலால் மறைத்துவிட்டுத் தலையோடு வினையைச் சேர்த்து வாசிக்க வேண்டும். ("சம்", "ஆல்", "மோஸ்ட்", "ஹாஃப்" தலையில் நின்றால் மட்டும் வாலைப் பார்க்க வேண்டும். "சம் ஆஃப் தி கிளாத் இஸ்", "சம் ஆஃப் தி ஷர்ட்ஸ் ஆர்". இது ஒன்றுதான் படுத்தும்.)

பனியன்ஊர்க்காரரே, உங்கள் தொழிலிலேயே ஆறு தருகிறேன். தேர்ந்தெடுக்கச் சொல் தரமாட்டேன். நீங்களே போடுங்கள்.

தி குவாலிட்டி ஆஃப் தி பட்டன்ஸ் ... பூர்.
எ நம்பர் ஆஃப் பீசஸ் ... மிஸ்ஸிங்.
தி நம்பர் ஆஃப் ரிஜெக்டட் பீசஸ் ... ஹை.
தி மேனேஜர், அலாங் வித் டூ சூப்பர்வைசர்ஸ், ... கம்மிங்.
ஃபைவ் தவுசண்ட் டாலர்ஸ் ... டூ மச்.
நைதர் தி டையிங் யூனிட் நார் தி பிரின்டர்ஸ் ... ரெடி.

பனியன்ஊர்க்காரன் | செவ்வாய் இரவு 9:12

இஸ், இஸ், இஸ், ஆர், இஸ், இஸ். மகளைக் கேட்கவில்லை, சத்தியம்.

டியூஷன்_அக்கா | செவ்வாய் இரவு 9:30

மூன்று சரி. ஐயாயிரம் டாலரில் சரியாக "இஸ்" போட்டதற்குத் தமிழ்தான் துணை செய்திருக்கும். "ஐயாயிரம் ரூபாய் அதிகம், அது வேண்டாம்" என்று மொத்தமாகத்தான் நாமும் பார்க்கிறோம்.

இரண்டாவது "ஆர்". "எ நம்பர் ஆஃப்" என்றால் பல என்று பொருள், அங்கே நம்பர் வெறும் அலங்காரம். "தி நம்பர் ஆஃப்" என்றால் எண்ணிக்கையே எழுவாய், அதனால் "இஸ்". "எ"வுக்கும் "தி"க்கும் நடுவில் இவ்வளவு தூரம்.

மேனேஜருக்கு "இஸ்". "அலாங் வித்" என்பது நம்முடைய "ஓடு". ஆங்கிலத்தில் "ஓடு" எழுவாயைப் பெரிதாக்காது, "உம்" ஆகிய "அன்ட்" மட்டும்தான் பெரிதாக்கும். மேனேஜர் தனியாகத்தான் வருகிறார், சூப்பர்வைசர்கள் ஒட்டிக்கொண்டு வருகிறார்கள்.

கடைசியில் "ஆர்". "நார்" என்றோ, "அல்லது" என்று பொருள்படும் "ஆர்" என்றோ இணைத்தால் வினைக்குப் பக்கத்தில் நிற்பவரைப் பார்க்க வேண்டும். பிரின்டர்ஸ் பக்கத்தில் இருக்கிறார்கள்.

வங்கித்தேர்வு_நாலாவதுமுறை | செவ்வாய் இரவு 10:01

அக்கா, அந்த விதியை வைத்து "ஐதர் ஹி ஆர் ஐ ஆம் ராங்" என்று வருமே. பரீட்சையில் போடுவேன், ஆனால் வாயால் சொல்ல முடியவில்லை.

டியூஷன்_அக்கா | செவ்வாய் இரவு 10:09

சொல்லாதீர்கள். "ஐதர் ஹி இஸ் ராங் ஆர் ஐ ஆம்" என்று பிரித்துவிடுங்கள். தமிழில் மட்டும் என்ன, "நானோ அவனோ வருவேனா, வருவானா, வருவோமா"? அங்கேயும் முழிக்கத்தானே செய்கிறோம். "வில்", "கேன்", "மஸ்ட்" வந்தாலும் பிரச்சினை இல்லை, எழுவாய் எதுவானாலும் அவை மாறாது. இறந்தகாலத்திலும் வாஸ், வேர் தவிர எதுவும் மாறாது. சந்தேகம் வந்தால் அந்தப் பக்கம் தப்பித்து ஓடலாம். ஆனால் "ஹி கேன் கோஸ்", "டஸ் ஹி கோஸ்" என்று மட்டும் எழுதக் கூடாது. "டஸ்" அந்த எஸ்ஸை ஏற்கெனவே விழுங்கிவிட்டது.

சும்மா_பேசுங்க | புதன் காலை 7:05

சரி, லிஸ்ட் கதைக்குப் பிறகு நான் கொஞ்சம் இறங்கி வருகிறேன். ஒரு சந்தேகம். கிரிக்கெட் கமென்ட்ரியில் "இங்கிலாந்து ஆர் பேட்டிங்" என்கிறார்கள். ஒரு நாடு, ஒரு டீம். இது தப்பில்லையா?

மொழியியல்_மாணவி | புதன் காலை 9:40

தப்பில்லை. பிரிட்டிஷ் வழக்கில் டீம், கவர்ன்மென்ட், ஃபேமிலி போன்றவற்றை ஆட்களாகப் பார்த்தால் "ஆர்", ஒரே அமைப்பாகப் பார்த்தால் "இஸ்". அமெரிக்காவில் பெரும்பாலும் "இஸ்" ஒன்றுதான். "போலீஸ்" மட்டும் இரண்டு ஊரிலும் "ஆர்".

அமெரிக்கர்களும் தொடக்கத்தில் இவ்வளவு உறுதியாக இல்லை. 1787இல் எழுதிய அரசியலமைப்பில், தேசத்துரோகம் பற்றிய இடத்தில், யுனைடெட் ஸ்டேட்ஸை "தெம்" என்று பன்மையில்தான் சுட்டியிருக்கிறார்கள். பல மாநிலங்கள் அல்லவா! இன்று "யுனைடெட் ஸ்டேட்ஸ் இஸ்".

வங்கித்தேர்வு_நாலாவதுமுறை | புதன் காலை 10:15

பரீட்சையில் டீமுக்கு எதைப் போடுவது என்று மட்டும் யாராவது சொல்லுங்கள். ஊர் ஊராகப் போக எனக்கு நேரமில்லை.

டியூஷன்_அக்கா | புதன் காலை 10:40

உறுப்பினர்கள் தங்களுக்குள் சண்டை போட்டால் பன்மை, ஒற்றுமையாக இருந்தால் ஒருமை. நம் ஊர்க் கேள்வித்தாளுக்கு இது போதும்.

பனியன்ஊர்க்காரருக்கு வீட்டுப்பாடம். தினமும் இரவு ஐந்து வரி உங்களைப் பற்றி "ஐ" போட்டு எழுதுங்கள். ஐ கெட் அப், ஐ டிரிங்க் காபி, ஐ ஹாவ் டூ ஃபோன்ஸ். பிறகு அதே ஐந்து வரியை மனைவியைப் பற்றி "ஷி" போட்டு மாற்றுங்கள். மாற்றியதை வாய்விட்டு வாசிக்க வேண்டும், கடைசி எஸ் காதில் விழ வேண்டும். "வான்ட்ஸ்" என்பதில் டி, எஸ் இரண்டும் சேர்ந்து வருவது நம் நாக்குக்குப் பழக்கமில்லை. வாய் விழுங்குவதைக் கையும் விழுங்கும்.

மெயிலுக்குத் தனியாக ஒன்று: எழுதும்போது எதையும் பார்க்காதீர்கள், வேலை கெட்டுப்போகும். அனுப்பும் முன் வினைகளை மட்டும் கடைசி வரியிலிருந்து மேல்நோக்கிப் பாருங்கள். மேலிருந்து படித்தால் பொருள் இழுத்துக்கொண்டு போய்விடும், எஸ் கண்ணில் படாது.

பனியன்ஊர்க்காரன் | மூன்று வாரம் கழித்து | ஞாயிறு மாலை 5:25

கணக்குக் கொடுக்க வந்தேன். பதினாறு நாள் எழுதினேன், ஐந்து நாள் ஷிப்மென்ட் அவசரத்தில் விட்டுப்போயிற்று. "ஷி" எழுத ஆரம்பித்ததில் ஒரு பக்கவிளைவு. என் ஐந்து வரி சுலபமாக வந்துவிடும், மனைவி காலையில் என்ன செய்கிறாள் என்று எழுத வேறு வரி கிடைக்கவில்லை. நாலாம் நாள் சமையலறையில் போய் நின்று பார்த்தேன். "ஷி வேக்ஸ் அப் அட் ஃபைவ். ஷி ஃபில்ஸ் தி வாட்டர். ஷி பேக்ஸ் த்ரீ டிஃபன் பாக்சஸ்." எஸ் தானாக வந்தது. என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், வாசித்துக் காட்டினேன். "எல்லாம் சரி, ஃபில்ஸ் தி வாட்டர் தண்ணி வராத நாளைக்குச் செல்லாது" என்றாள்.

மெயிலில் "பையர் வான்ட்" ஒழிந்தது. "எவரிபடி ஆர்" இன்னும் வாரம் ஒருமுறை எட்டிப் பார்க்கிறது. கீழிருந்து மேலே படிப்பது நன்றாக வேலை செய்கிறது. போன வாரம் எம்.டி. மெயிலிலேயே இரண்டு பிடித்தேன், சொல்லத்தான் தைரியம் வரவில்லை.

இப்போது புதிதாக ஒன்று. பேக்கிங்கில் ஒரு ஷார்ட்ஸ் குறைகிறது. "ஒன் ஷார்ட்ஸ் இஸ் மிஸ்ஸிங்" என்று எழுதினேன். மகள் "ஷார்ட்ஸ் ஆர்" என்கிறாள். ஒன்றுதானே குறைகிறது, அதற்கு ஆர் போட்டால் பையர் ஒரு பெட்டியே காணோம் என்று நினைக்க மாட்டாரா?

மொழியியல்_மாணவி | ஞாயிறு மாலை 6:02

மகள் சொல்வது சரி. ஷார்ட்ஸ், ட்ரவுசர்ஸ், சிசர்ஸ் எல்லாம் இரண்டு கால் உள்ள பொருள்கள், தனியாக வந்தால் "ஆர்". எண்ணிக்கை முக்கியம் என்றால் "ஒன் பேர் ஆஃப் ஷார்ட்ஸ் இஸ் மிஸ்ஸிங்" என்று எழுதுங்கள். தலை "பேர்", வால் ஷார்ட்ஸ்.

பனியன்ஊர்க்காரன் | ஞாயிறு மாலை 6:20

மாற்றி அனுப்பிவிட்டேன். அந்த ஷார்ட்ஸும் கிடைத்துவிட்டது, அயர்ன் மேஜைக்கு அடியில்.